62 கட்டுரைகள் எழுதியும் ஏன் ஆள் வரவில்லை?

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் ஆன்லைன் மார்க்கெட்டிங்குக்கு வந்து 8 மாதம் ஆகிறது. சொந்தமாக ஒரு சிறிய இணையதளம் வைத்திருக்கிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் கட்டுரைகளை எழுதி, அவற்றின் வழியாக வாசகர்களை என் மின்னஞ்சல் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது திட்டம். பணம் கட்டிப் படித்த ஒரு பயிற்சியில், ‘ஒரு கட்டுரையை எழுதுங்கள், மென்பொருளால் சொற்களை மாற்றி 30 வடிவங்கள் எடுங்கள், கட்டுரைத் தொகுப்புத் தளங்கள் எல்லாவற்றிலும் போடுங்கள், லிங்க் பெருகும், கூகுளில் மேலே வருவீர்கள்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே செய்தேன். இதுவரை 62 கட்டுரைகள், ஏறத்தாழ 200 தளங்கள். போன மாதம் முழுவதும் என் தளத்துக்கு வந்தவர்கள் 41 பேர். பட்டியலில் சேர்ந்தவர்கள் இருவர். அதில் ஒருவன் என் தம்பி. நல்ல தளங்கள் இரண்டுக்கு நேரடியாகவும் அனுப்பிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றிலிருந்து ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று ஒரே வரி. நானே புதியவன், அனுபவசாலிகள் எழுதாத எதை நான் எழுதிவிடப் போகிறேன் என்ற எண்ணம் அரிக்கிறது. மாதிரிக்கு மூன்று கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். (இந்தக் கடிதத்தைப் போன வாரமே அனுப்பியிருப்பேன். சேர விரும்புவதை உறுதிப்படுத்தக் கேட்டு, பட்டியலில் சேர்கிறவர்களுக்குப் போகும் உறுதிக் கடிதம் ஸ்பாமில் விழுகிறது என்று தம்பி சொன்னான். அதைச் சரிசெய்ய 2 நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அனுப்புநர் முகவரியாக ஜிமெயிலைப் போட்டதுதான் காரணம்.) நான் தொடர்ந்து எழுதலாமா? எழுதினால் எதை எழுதுவது, எங்கே அனுப்புவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தொடர்ந்து எழுதுங்கள். ஆனால் அந்தச் சொல்மாற்று மென்பொருளை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் இணைத்த மூன்றையும் படித்தேன். முதல் கட்டுரையின் தலைப்பு ‘மின்னஞ்சல் மார்க்கெட்டிங்கின் 7 நன்மைகள்’. அதன் தொடக்கம்: ‘இன்றைய டிஜிட்டல் யுகத்தில் மின்னஞ்சல் மார்க்கெட்டிங் ஒவ்வொரு தொழில்முனைவோருக்கும் இன்றியமையாத ஒன்றாகிவிட்டது.’ பிழையில்லாத வாக்கியம்தான். ஆனால் படிக்கிறவருக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. மின்னஞ்சலால் பயன் உண்டு என்று நம்பியதால்தானே அவர் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்? அவரிடம் போய் அதன் பெருமையைச் சொல்வது, பசியோடு உட்கார்ந்தவரிடம் சாப்பாட்டின் அவசியத்தை விளக்குவது மாதிரி. மற்ற இரண்டு கட்டுரைகளும் இதே வழிதான். உங்களுக்கு எழுத வருகிறது. சொல்ல விஷயம் இருக்கிற இடத்தை மட்டும் நீங்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

அந்த இடம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, உறுதிக் கடிதம் ஸ்பாமில் விழுந்த கதை, அதைச் சொல்கிறேன். மூன்று கட்டுரைகளிலும் இல்லாதது அந்த நாலு வரியில் இருக்கிறது. ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், எங்கே மாட்டினார் என்று தெரிகிறது, வெளியே வந்துவிட்டார் என்றும் தெரிகிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்வதற்காக நீங்கள் எழுதியது அது. நான் அதைத்தான் இரண்டு தடவை படித்தேன். உங்கள் 63-வது கட்டுரை அதுவாக இருக்கட்டும்.

அந்தக் கட்டுரையில் என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டியல் நடத்தும் சேவை ஒன்றில் கணக்குத் திறக்கிறோம். அனுப்புநர் முகவரி கேட்கிறது. கையில் இருப்பது ஜிமெயில் முகவரி, அதையே போடுகிறோம். கடிதம் போகிறது. ஆனால் அது ஜிமெயிலின் சர்வரிலிருந்து புறப்படவில்லை, அந்தச் சேவையின் சர்வரிலிருந்து புறப்படுகிறது. பெறுகிற பக்கத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒருவர் ஜிமெயில் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். 2014 ஏப்ரலிலேயே யாஹூ, தன் முகவரியைப் போட்டுக்கொண்டு வெளி சர்வர்களிலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கச் சொல்லி மற்ற அஞ்சல் சேவைகளுக்குக் குறிப்பு வைத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இன்னும் இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். குறைவாக அனுப்புகிறவரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று பெயர்களைக் கேட்டதும் புதியவருக்குக் கை கால் ஓடாது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். என் டொமைன், அதாவது என் இணையதளத்தின் முகவரிப் பெயர், அதன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் முதலாவது. கடிதம் என் டொமைன் பெயரால்தான் புறப்பட்டது, வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் கையொப்பம் இரண்டாவது. இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்லும் குறிப்பு மூன்றாவது. டொமைன் வாங்கிய இடத்தில், அந்த டொமைனுக்கான அமைப்புகள் இருக்கும் டி.என்.எஸ். பக்கத்தைத் திறந்து, சேவை தரும் வரிகளை ஒட்டி, அனுப்புநராகச் சொந்த டொமைன் முகவரியைப் போட்டால் வேலை முடிந்தது. இதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு 2 நாள் ஆயிற்று. உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிறவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். பயன்படும் கட்டுரை என்று நான் சொல்வது இதைத்தான். எழுதியவர் தொலைத்த 2 நாளைப் படிப்பவர் தொலைக்காமல் இருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியல் சேவையில் உறுதி செய்யாதவர்களின் பெயர்கள் தனியாக இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். சேர விரும்பிப் பெயர் கொடுத்தும், உறுதிக் கடிதம் கண்ணில் படாமல் நின்றுபோனவர்கள் அங்கே இருக்கலாம். இருவர்தான் சேர்ந்தார்கள் என்று நீங்கள் நினைக்கும் கணக்கே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு.

‘நானே புதியவன்’ என்கிறீர்கள். தொடக்கநிலையாளருக்கு எழுத அதைவிட நல்ல தகுதி எனக்குத் தெரியாது. இருபது வருடம் இதிலேயே ஊறியவருக்குத் தான் எங்கே தடுமாறினோம் என்பது மறந்துபோயிருக்கும். ‘டி.என்.எஸ். பதிவைச் சேர்த்துவிடுங்கள்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது, சேர்த்த பிறகும் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று திரை சொன்னால் பயப்பட வேண்டுமா, சில மணி நேரம் காத்திருந்தால் போதுமா என்பதெல்லாம் அவருக்குக் கேள்வியாகவே தோன்றாது. உங்களுக்கு அது போன வாரத்துக் கேள்வி. எனவே வல்லுநர் வேடம் போட வேண்டாம். ‘எனக்கு இப்படி ஆயிற்று, இப்படிச் சரிசெய்தேன், என் கணக்கில் இது வேலை செய்தது’ என்று எழுதுங்கள். கூகுள் தன் தேடல் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் முன்பு நிபுணத்துவம், அங்கீகாரம், நம்பகத்தன்மை என்று மூன்று அளவுகோல்கள் இருந்தன. 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்பதை நான்காவதாகச் சேர்த்தார்கள். எழுதியவர் தாமே செய்து பார்த்தவரா என்று அவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

உங்களுக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுப் பொய் அல்ல, காலாவதியான உண்மை. கட்டுரைத் தொகுப்புத் தளங்களில் மூத்தவற்றில் ஒன்றான ஈஸைன் ஆர்ட்டிகிள்ஸ் 1999-இல் தொடங்கியது. அடுத்த பத்து வருடங்களில் அதுபோன்ற தளங்கள் புற்றீசலாகக் கிளம்பின. அங்கே ஒரு கட்டுரை போட்டால் அதன் அடியில் உங்கள் தளத்துக்கு ஒரு லிங்க் கிடைக்கும். லிங்குகளையும் வைத்துப் பக்கங்களின் மதிப்பைக் கணக்கிட்ட கூகுள் அதை ஓர் ஆதரவு வாக்காக எடுத்துக்கொண்டது. ஆகவே எல்லாரும் அரைத்த மாவையே அரைத்து அங்கே கொட்டினார்கள். 2011 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த பாண்டா என்ற தேடல்முறை மாற்றம் இந்த மாதிரி மெலிந்த உள்ளடக்கத்தைக் கீழே தள்ளியது. தேடல்களில் 11.8 சதவீதத்தில் அதன் பாதிப்பு தெரியும் என்று கூகுளே அறிவித்தது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின், செயற்கையாகக் கட்டிய லிங்குகளைக் குறிவைத்தது. அந்தக் காலத்தில் பெயர்பெற்ற ஸ்குவிடூ என்ற கட்டுரைத் தளம் 2014-இல் ஹப்பேஜஸ் என்ற இன்னொரு தளத்துக்குக் கைமாறியது. யாஹூ 2010-இல் வாங்கிய அசோசியேட்டட் கன்டென்ட் என்ற கட்டுரைத் தளமும் அதே 2014-இல் மூடப்பட்டது. வேறு தளங்களில் பரப்பும் கட்டுரைகளுக்குள் தேடுசொற்களைத் திணித்த லிங்குகளை வைப்பதைக் கூகுள் இன்றைக்கும் தன் ஸ்பாம் விதிகளில் உதாரணமாகவே காட்டியிருக்கிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கொடுத்தது பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய வரைபடம்.

2010-இல் நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரே கட்டுரையைச் சொல்மாற்றி முப்பது தளங்களுக்கு அனுப்பினேன். பிறகு ஒரு நாள் ஒரு பெண் எழுதியிருந்தார்: ‘நீங்கள் சொன்ன மின்மடல் அட்டவணையை எங்கே உருவாக்குவது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்று எந்தச் சேவையிலும் இல்லையே.’ நான் எழுதியது ‘மின்னஞ்சல் பட்டியல்’. சொல்மாற்றியதில் அது மின்மடல் அட்டவணை ஆகியிருந்தது. என்னை நம்பி ஒருவர் இல்லாத ஒன்றைத் தேடி அலைந்திருக்கிறார். தேடல் முடிவுகளில் நான் கீழே போனதைவிட அந்தக் கடிதம்தான் என்னை மாற்றியது. அதற்குப் பிறகு 14 ஆண்டுகளாக இந்தத் துறைக் கட்டுரைகளைத் திருத்தி வெளியிடும் வேலையில் இருக்கிறேன். ஒரு கட்டுரை கைக்கு வந்தால் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். இதை நம்பி அவர் உட்கார்ந்தால் வேலை முடியுமா என்று பார்ப்பேன்.

சரி, எப்படி எழுதுவது? ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். ‘மின்னஞ்சல் மார்க்கெட்டிங் முழு வழிகாட்டி’ என்று தொடங்கினால் கடல். ‘உறுதிக் கடிதம் ஏன் ஸ்பாமில் விழுகிறது’ என்பதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய் முடித்துவிடலாம். தலைப்பு, மாட்டிக்கொண்டவர் தேடும்போது என்ன வார்த்தை போடுவாரோ அதுவாக இருக்கட்டும். அவர் ‘மின்னஞ்சல் வழங்கல் திறன்’ என்று தேட மாட்டார். ‘மெயில் ஸ்பாமுக்குப் போகிறது’ என்றுதான் தேடுவார்.

முதல் பத்தியில் அவருடைய தொல்லையை அவர் கண்ட விதமாகவே சொல்லிவிடுங்கள்: ‘பட்டியலில் சேர ஒருவர் பெயர் கொடுக்கிறார், உங்கள் கணக்கில் அவர் பெயர் உறுதியாகாமலே கிடக்கிறது. கேட்டால், கடிதமே வரவில்லை என்கிறார்.’ இது தன் கதை என்று தெரிந்தால் அவர் மேலே படிப்பார். இரண்டாவது பத்தியிலேயே விடையைச் சொல்லிவிடுங்கள். கடைசிவரை இழுத்தடித்தால் படிக்கிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். விடை தெரிந்த பிறகும் அவர் இருப்பார், ஏனென்றால் எப்படிச் செய்வது என்று இனிமேல்தான் சொல்லப் போகிறீர்கள்.

படிகளை எழுதும்போது நினைவிலிருந்து எழுதாதீர்கள். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொடுக்கையும் செய்துகொண்டே எழுதுங்கள். பொத்தானில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். திரையில் ‘வெரிஃபை டொமைன்’ என்று இருந்தால், தூய தமிழ் ஆர்வத்தில் அதைக் ‘களப்பெயர் மெய்ப்பு’ ஆக்கிவிட வேண்டாம். அவர் திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருப்பார். விளக்கம் நல்ல தமிழில் இருக்கட்டும், பொத்தானின் பெயர் திரையில் உள்ளபடி இருக்கட்டும். நீங்கள் எடுத்த தவறான திருப்பங்களையும் சேருங்கள். 2 நாளில் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள்? கடிதத்தின் தலைப்பையா? படங்களை எடுத்துப் பார்த்தீர்களா? அவற்றால் பயனில்லை என்று இரண்டு வரி எழுதினால், படிப்பவருக்கு அந்த அலைச்சல் மிச்சம். இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் வெட்கப்பட்டு வெட்டிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த கட்டுரைகளில் எல்லாம் இந்தப் பகுதி இருந்தது.

எழுதி முடித்ததும் தம்பியை உட்கார வையுங்கள். கட்டுரையைக் கொடுத்து, செய்யச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது. நீளம் பற்றி யோசிக்க வேண்டாம். வேலை முடிந்த இடத்தில் கட்டுரையும் முடியட்டும்.

வருமானப் பேச்சு மட்டும் கூடவே கூடாது. உங்கள் மூன்றாவது கட்டுரையில் ‘இதைப் பின்பற்றினால் மாதந்தோறும் நிலையான வருமானம் உறுதி’ என்று ஒரு வரி இருக்கிறது. உங்களுக்கே இன்னும் வராத வருமானத்தை வேறொருவருக்கு உறுதி சொல்லியிருக்கிறீர்கள். தீய எண்ணத்தோடு எழுதியதல்ல, எங்கேயோ படித்த வாக்கியம் கையில் ஒட்டிக்கொண்டது, எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நம்பி வேலையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியை இன்றே நீக்குங்கள்.

கீவேர்டு, அதாவது தேடுசொல், பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு சொல் இத்தனை சதவீதம் வர வேண்டும் என்ற கணக்குக்கு அர்த்தமில்லை. பக்கத்தின் மறைவில் எழுதும் கீவேர்டு வரியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதற்குச் செலவிடும் நேரத்தில் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, மக்கள் என்ன தேடியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது என்ற பட்டியலைப் பாருங்கள். அது இலவசம். நீங்கள் எழுதாத கேள்வி ஏதாவது அங்கே எட்டிப்பார்த்தால், அடுத்த கட்டுரை தானாக அமைந்துவிடும்.

சொல்மாற்று மென்பொருளை விட்டுவிட்டு ஏஐ-யிடம் முப்பது கட்டுரை எழுதி வாங்கலாமே என்று தோன்றும். தேடல் தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், விதிமீறலாகவே எடுத்துக்கொள்வதாகக் கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்தது. பிழை பார்க்கவும், குழப்பமான வாக்கியத்தைக் கண்டுபிடிக்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உங்கள் திரையில் என்ன பிழைச்செய்தி வந்தது என்பது அதற்குத் தெரியாது.

இனி அனுப்புவது. 200 தளங்களை மறந்துவிடுங்கள். தொடக்கநிலையாளர்கள் உண்மையிலேயே வந்து படிக்கிற நாலைந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் சேவைகளே நடத்தும் உதவிப் பக்கங்கள், துறை இதழ்கள், உங்களைவிட இரண்டு மூன்று வருடம் மூத்தவர் நடத்தும் செய்திமடல் போன்றவை. ஆட்கள் படிக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது எளிது. கட்டுரைகளுக்குக் கீழே வாசகர் கேள்வி கேட்கிறார்களா, எழுதியவர் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ஒரு தளத்தில் சமையல் குறிப்பு, கடன் அட்டை, சூதாட்டம், மின்னஞ்சல் மார்க்கெட்டிங் எல்லாம் வரிசையாக இருந்தால் அது லிங்க் விற்கும் கடை. ‘கட்டுரை வெளியிட இவ்வளவு கட்டணம்’ என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த இடத்தில் சமீபத்திய பத்துக் கட்டுரைகளையாவது படித்துவிட்டு, பங்களிப்பாளர் விதிகள் என்ற பக்கத்தையும் படியுங்கள். எனக்கு வரும் கட்டுரைகளில் நான் திருப்பி அனுப்புகிற பலவற்றில் எழுத்து நன்றாகவே இருக்கும். அதே விஷயத்தை நாங்கள் போன மாதம்தான் வெளியிட்டிருப்போம், அல்லது அனுப்பியவர் எங்கள் தளத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று உங்களுக்கு வந்த ஒரு வரி, பெரும்பாலும் இந்த வகைதான். உங்கள் திறமைக்கு வந்த தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முழுக் கட்டுரையை அனுப்புமுன், விதிகளில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், சிறு கடிதம் ஒன்று எழுதிக் கேளுங்கள். நீங்கள் எழுதுவதாக இருந்தால் இந்த அளவு போதும்:

‘வணக்கம். பட்டியல் தொடங்குவது எப்படி என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் பின்பற்றித்தான் என் முதல் பட்டியலை அமைத்தேன். அதன்பின் உறுதிக் கடிதங்கள் ஸ்பாமில் விழுந்தன. அனுப்புநர் முகவரியாக ஜிமெயிலைப் போட்டதுதான் காரணம் என்று தெரிய 2 நாள் ஆயிற்று. இதைப் பற்றி உங்கள் தளத்தில் கட்டுரை இல்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளோடு படிப்படியாக எழுதித் தர விரும்புகிறேன். 900 சொற்களுக்குள் வரும். வேறெங்கும் வெளியாகாதது. என் எழுத்துக்கு மாதிரியாக ஒரு கட்டுரையின் சுட்டி கீழே.’

இதைப் படிக்க ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் தளத்தைப் படித்தவர், விஷயம் புதிது, எழுதுகிறவர் அதைத் தாமே செய்தவர் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. ‘மதிப்பிற்குரிய இணையதள உரிமையாளருக்கு, உங்கள் அற்புதமான தளத்தின் நீண்டநாள் ரசிகன்’ என்று தொடங்குகிற கடிதங்களை நான் அந்த வரியைத் தாண்டிப் படிப்பதில்லை. இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டு பேரும் சம்மதித்துவிட்டால் ஒருவரை நிரந்தரமாக இழப்பீர்கள்.

அதே கட்டுரையை உங்கள் தளத்திலும் போடலாமா என்பதை ஏற்கும் தளத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்கள் தங்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பார்கள். அது நியாயம்தான். உங்கள் தளத்தில் முதலில் வந்ததை வேறிடத்தில் மறுபதிப்புச் செய்ய அவர்கள் ஒப்புக்கொண்டால், மூலப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிகல் குறியை வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 2009 முதல் இந்த வசதி இருக்கிறது.

எழுதியவர் குறிப்பில் ஒரு லிங்க் போதும். அதுவும் உங்கள் முகப்புப் பக்கத்துக்கு வேண்டாம். ஸ்பாம் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறவரை, முதல் மூன்று கடிதங்களில் என்ன எழுதலாம் என்று விளக்கும் பக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். பட்டியலில் சேரும் படிவம் அங்கே இருக்கட்டும். அந்த லிங்கில் நோஃபாலோ குறி போட்டுவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். தேடுபொறிக்கு அது வாக்காகக் கணக்காகாமல் போகலாம், சொடுக்கி வருகிற மனிதருக்கு அப்படி ஒரு குறி இருப்பதே தெரியாது.

நீங்கள் பரிந்துரைக்கும் சேவையின் அஃபிலியேட் லிங்கை (அதன் வழியாக ஒருவர் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் லிங்க்) கட்டுரையில் வைப்பதாக இருந்தால், ஆசிரியரிடமும் வாசகரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாசகருக்கு அந்த லிங்க் இருக்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அல்ல. பல நாடுகளில் இது சட்டப்படியும் கடமை. பல தளங்கள் அஃபிலியேட் லிங்க் இருந்தாலே வாங்க மாட்டார்கள். முதல் சில கட்டுரைகளில் அது இல்லாமலே இருப்பது நல்லது.

பழைய 62 கட்டுரைகளை என்ன செய்வது? அவற்றில் நீங்களே செய்து பார்த்த விஷயம் ஒன்றாவது இருப்பவை ஐந்தோ ஆறோ தேறும். அவற்றை எடுத்து, மேலே சொன்னபடி திருப்பி எழுதி, உங்கள் தளத்தில் மட்டும் வையுங்கள். சொல்மாற்றிய வடிவங்களை, கணக்கு உங்கள் கையில் இருக்கும் தளங்களிலிருந்து நீக்கிவிடுங்கள். மற்றவற்றைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். சர்ச் கன்சோலில் கூகுளின் கைமுறை நடவடிக்கை, அதாவது விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர்களே எடுக்கும் நடவடிக்கை, ஏதாவது உங்கள் தளத்தின் மேல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், ‘இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்’ என்று கூகுளிடம் சொல்லி லிங்குகளைக் கைகழுவும் கருவியைத் தொடவே வேண்டாம். இருந்தால் அந்த அறிவிப்பை அப்படியே எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

மாதம் இரண்டு கட்டுரை எழுதினால் போதும். ஒன்று உங்கள் தளத்துக்கு, ஒன்று வெளியே. வருகையாளர் எண்ணிக்கை சில மாதங்களுக்குப் பெரிதாக ஏறாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுவரை வேறொன்றை எண்ணுங்கள். ‘இதைப் பார்த்துச் செய்தேன், சரியாகிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர், ‘நாலாவது படியில் நின்றுவிட்டேன்’ என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது வகைக் கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போட்டு, கட்டுரையையும் திருத்துங்கள்.

63-வது கட்டுரையின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அனுப்புநர் முகவரியை மாற்றியபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் சோதனைக்கு இன்னொரு கணக்குத் திறந்து, ஜிமெயில் முகவரியைப் போட்டு, கடிதம் ஸ்பாமில் விழுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தம்பியின் அஞ்சல் பெட்டியில் அது எப்படித் தெரிகிறது என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.